ஒன்பது கிலோமீட்டர்

மேஜைமேல் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று உள்ளங்கையில் அடங்கும். இன்னொன்று பள்ளிக்கூடச் சிலேட்டு அளவு.

"ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க சார். நீங்க சொல்றதுதான்," என்றாள் ஸ்ம்ருதி.

முதலாளியின் மகள். அவருக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து எங்கள் இருபத்திரண்டு பேருந்துகளும் அவள் பொறுப்பு. சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிப் போகும் வண்டிகள். அவற்றைப் பழுதில்லாமல் பார்த்துக்கொள்வது முப்பது வருடமாக என் வேலை.

சின்னதே போதும் என்றேன்.

கொண்டுவந்த ஃபிரெடி விடுவதாக இல்லை. விற்க வந்தவன் அல்லவா. சின்னது இன்றைக்கு வண்டியில் இருக்கும் கோளாறைக் காட்டும், அழிக்கச் சொன்னால் அழிக்கும், அவ்வளவுதானாம். பெரியது அழித்துவிட்ட கோளாறையும் தேடி எடுத்துவிடுமாம்.

செத்துப்போன கோளாறு நமக்கு எதற்கு, அதைப் படிக்க இங்கே யார் இருக்கிறார்கள் என்று வாதாடினேன். என் குரல் கொஞ்சம் ஓங்கித்தான் போனது.

ஸ்ம்ருதி பிடிவாதக்காரி. பெருங்களத்தூர் விபத்துக்குப் பிறகு அந்தப் பெண் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை.

எட்டு மாதம் ஆகிறது. காலை ஷிஃப்டுக்குப் போன பதினாலாம் நம்பர் வண்டி, சிக்னலில் நிற்காமல் ஒரு ஸ்கூட்டரை இடித்துவிட்டது. அதில் வந்தவர் அங்கேயே இறந்துபோனார். எங்கள் டிரைவர் வேதசிரோமணி மீது வழக்கு.

மிதித்தேன், பிடிக்கவில்லை என்றுதான் அவர் முதலில் சொன்னார். நிறுத்திவைத்துப் பார்த்தபோது பிரேக் நன்றாகவே பிடித்தது. எச்சரிக்கை விளக்கு எரிந்ததா என்று போலீஸில் கேட்டார்கள். இல்லை என்றார். ஷெட்டில் நல்லபடியாகத் தயார் செய்துதான் கொடுத்தார்கள் என்று வேறு சொல்லிவைத்தார்.

விளக்கு எரியவில்லை என்றால் வண்டியில் குறையில்லை. அப்படித்தான் எழுதிக்கொண்டார்கள். போகப் போக அவரே அதை நம்பிவிட்டார். தன் கால்தான் தாமதமாகப் போயிருக்கும் என்று சொல்ல ஆரம்பித்தார்.

பத்தொன்பது வருடத்தில் ஒரு கோழியைக்கூட இடிக்காத மனிதர். வரும் வியாழக்கிழமை கோர்ட்டில் தப்பு தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொள்ளப் போகிறார்.

"பேசிக்கிட்டே இருந்தா எப்படி? வண்டியில போட்டுக் காட்டுங்க," என்றாள் ஸ்ம்ருதி.

நான் வாசலில் நின்ற மூன்றாம் நம்பரைக் காட்டினேன். அவள் மூலையைப் பார்த்தாள். கிரேன் இழுத்துவந்து விட்ட நாளிலிருந்து பதினாலு அங்கேதான் நிற்கிறது. அதை எடுத்து ஓட்ட யாருக்கும் மனசு வரவில்லை.

"அதுல போடுங்க."

பேட்டரி இறங்கியிருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். ஃபிரெடி பக்கத்து வண்டியிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்துவிட்டான். ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பெரிய கருவியைச் செருகினான். நாங்கள் இருவரும் படியில் நின்று எட்டிப் பார்த்தோம்.

பிரேக்: தற்போது கோளாறு இல்லை.

எனக்கு மூச்சு வந்தது.

அவன் அடுத்த பக்கத்தைத் தள்ளினான்.

அழிக்கப்பட்ட கோளாறு: ஒன்று. பின்சக்கர பிரேக் வால்வு. அழித்தபின் வண்டி ஓடிய தூரம்: ஒன்பது கிலோமீட்டர்.

ஃபிரெடிக்கு இந்த வண்டியின் கதை தெரியாது. "பாருங்க மேடம், யாரோ ரிப்பேர் பாக்காம லைட்ட மட்டும் அணைச்சு அனுப்பியிருக்காங்க. சின்ன மெஷின்ல இது வந்தே இருக்காது," என்றான் சந்தோஷமாக.

ஸ்ம்ருதி சிட்லபாக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். செம்பாக்கத்தில் இருக்கும் எங்கள் ஷெட்டிலிருந்து கேம்ப் ரோடு, தாம்பரம் என்று ஆள் ஏற்றிக்கொண்டு போனால் பெருங்களத்தூர் சிக்னல் எவ்வளவு தூரம் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

எங்கள் ஷெட்டில் எப்போதும் நடப்பதுதான். விளக்கு எரிந்தால் முதலில் எங்களிடம் இருக்கும் பழைய கருவியை வைத்து அழித்துப் பார்ப்போம். திரும்ப எரிந்தால் வண்டியைப் பிரிப்போம். பாதி வண்டிகளில் திரும்ப எரியாது. ஆறு மணி ஷிஃப்டுக்கு ஐம்பது பேர் ரோட்டில் காத்துக்கொண்டு நிற்கும்போது வேறு என்னதான் செய்வது? எட்டு மாதமாக இதையே எனக்கு நானே சொல்லிச் சொல்லித்தான் சோறு தின்றுகொண்டிருக்கிறேன். வெட்கங்கெட்ட பிழைப்பு.

"நான்தாம்மா அழிச்சேன்," என்றேன். "பெரிசையே வாங்கு. வியாழக்கிழமை இதை எடுத்துக்கிட்டு கோர்ட்டுக்கு நானும் வரேன்."

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஃபிரெடி கருவியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான்.

ஒன்றை மட்டும் அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கோர்ட்டில் அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

விபத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே, விளக்கு எரிகிறது, சரி செய்யாமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் வேதசிரோமணி. மறுநாள் காலையில் வந்து சாவியைப் போட்டுப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. இறங்கி நேராக என்னிடம் வந்து, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நைட்டெல்லாம் முழிச்சிக்கினு சரி பண்ணியிருக்கீங்களேண்ணா. ரொம்ப தேங்க்ஸ்ணா."