காலரில் கோணல்

"பிரி," என்றாள் சூப்பர்வைசர் சத்யப்ரியா. சட்டையின் காலரில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, ஷர்மிளாவின் மெஷின் மேல் போட்டாள்.

"இன்னா மேடம் தப்பு?"

"கோணல்."

ஷர்மிளா காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோணல் எங்கே என்பது அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம். பதினோரு வருஷமாக அமெரிக்காக்காரன் கழுத்துக்குக் காலர் தைக்கிற கை அவளுடையது.

தாம்பரத்தில் அந்த எக்ஸ்போர்ட் கம்பெனியில் மூன்று வாரமாக இதே கூத்து. காலையில் தைப்பது, சாயங்காலம் பிரிப்பது.

"பிரமோஷனுக்கு சீன் போடுது," என்றாள் பக்கத்து மெஷின் அனுப்பிரியா.

ஷர்மிளாவின் கவலை வேறு. போன மாசம்தான் இரண்டு லைனை நிறுத்தி எண்பது பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மிச்சம் இந்த ஒரு லைன். நல்ல சட்டையெல்லாம் கோணல் என்று போனால், தைக்கத் தெரியாத கூட்டம் என்று இவர்களையும் அனுப்பிவிட மாட்டார்களா? முடிச்சூர் வாடகை வீட்டில் இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

சாப்பாட்டு நேரத்தில் சட்டையை எடுத்துக்கொண்டு மேனேஜர் ஜீவானந்தத்தின் அறைக்கே போய்விட்டாள். ஸ்டிக்கரை உரித்து விரலில் ஒட்டிக்கொண்டாள்.

"நீங்களே பாருங்க சார். இதுல இன்னா கோணல் கீது? மேடம் வேணும்னே பிரிக்கச் சொல்றாங்க. நாப்பது பேர் வயித்துல அடிக்கிறாங்க."

ஜீவானந்தம் ஸ்கேல் வைத்து அளந்தார். "அருமையா இருக்கேம்மா."

"எல்லா பீஸும் இப்படித்தான் சார். மூணு வாரமா தைச்சதையே பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கிறோம்."

"அப்போ உங்க லைன் வேலை முடிஞ்சு மூணு வாரம் ஆச்சா?"

"ஆமா சார்." பெருமையாகவே சொன்னாள்.

ஜீவானந்தம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அமெரிக்காவுல வரியை ஏத்துனதுல இருந்து புது ஆர்டரே இல்லம்மா. தைச்ச சரக்கையும் இப்ப அனுப்பாதீங்கன்னுட்டாங்க. வேலை முடிஞ்ச லைனை அன்னிக்கே நிறுத்திடணும்னு முதலாளி உத்தரவு. மத்த ரெண்டு லைனும் அப்படித்தான் போச்சு. உங்க மேடம் மட்டும் தினமும் வந்து, காலர் கோணல், இன்னும் முடியலைன்னு சொல்லிட்டு இருந்தாங்க. நானும் நம்பிட்டேன்."

முதலாளியைக் கூப்பிடப் போனை எடுத்தார்.

ஷர்மிளா திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், சத்யப்ரியா சாப்பிடக்கூடப் போகாமல் அடுத்த கட்டுச் சட்டைகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"சார், ஒரு நிமிஷம்."

சட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். விரலில் இருந்த சிவப்பு ஸ்டிக்கரைக் காலரில், இருந்த இடத்திலேயே அழுத்தி ஒட்டினாள்.

"வெளிச்சத்துல இப்பதான் சார் சரியா பாத்தேன். கோணலாத்தான் கீது."