கேபிள் நுனி

கடையில் அப்போது இருந்தவர்கள் மூன்று பேர். முதலாளி வரதராஜன், மெக்கானிக் லில்லி, வேலை கேட்டு வந்த குமரகுரு.

ஸ்டாண்டில் ஒரு ரேஸ் சைக்கிள் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் வாலாஜாபாத் வரை ஓட்டிப் போகும் ஒரு டாக்டருடையது. வலது பக்க கியர் கேபிள், ஹேண்டில்பாரில் இருக்கும் ஷிப்டருக்குள்ளேயே அறுந்துபோயிருந்தது.

அதுதான் பரீட்சை.

உள்ளே சிக்கிய பழைய கேபிளின் குண்டுத்தலையையும் பிசிறுகளையும் எடுக்க வேண்டும். புதியதை அதே ஓட்டையில் நுழைத்து, கண்ணுக்குத் தெரியாத வளைவு தாண்டி மறுபக்கம் கொண்டுவர வேண்டும். நுனி பிரிந்தால் கேபிள் வீண். முரட்டுத்தனம் காட்டினால் ஷிப்டரே வீண்.

குமரகுரு லீவரைத் தட்டித் தட்டிக் கடைசி கியருக்கு இறக்கினான். ரப்பர் உறையை உரித்தான். ஊசியால் நெம்பினான். குண்டுத்தலை துள்ளி வெளியே விழுந்தது. மிச்சமிருந்த கம்பிப் பிசிறுகளை விரலாலேயே பிடுங்கிப் போட்டான்.

அவசரமில்லாத கை. லில்லிக்குப் பிடித்திருந்தது.

புதிய கேபிளை எடுத்தவன், அதன் நுனியை உதட்டில் வைத்து ஒருமுறை உருட்டினான். பிறகுதான் ஓட்டைக்குள் விட்டான்.

வரதராஜன் சிரித்துவிட்டார்.

“பிள்ளையார்பாளையத்துப் புள்ளைன்னு எழுதி ஒட்டணுமா? வாயில வெக்காம ஒரு இழை கோக்க மாட்டீங்களே, நீங்க!”

குமரகுருவும் சிரித்தான். பிள்ளையார்பாளையம் நெசவாளர் பகுதி; அவன் வீட்டிலேயே மூன்று தறி. தறி விழுதின் கண்ணில் பட்டிழை கோக்கும் எல்லோரும் நுனியை ஈரப்படுத்துவார்கள்தான்.

லில்லி சிரிக்கவில்லை. பட்டுக்கு ஈரம் வேண்டும். இரும்புக்கு எதற்கு?

“ஒரகடத்துல எந்த கம்பெனிப்பா இருந்த?” என்றார் வரதராஜன்.

சொன்னான். வார்ப்பு கம்பெனி. வார்த்த இரும்பின் ஓரங்களை, அதிரும் கை கிரைண்டரால் தேய்க்கும் வேலை. நான்கு வருடமும் நைட் ஷிப்ட்.

“அட, நம்ம லில்லியும் அங்க அதே வேலைலதான்பா இருந்துச்சு. ஆறு வருசம். அங்கேர்ந்துதான் நான் இட்டுக்கினு வந்தேன்.” அவர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார். “நான் சாப்பிட்டு வரேம்மா. கை நல்லாத்தான் இருக்குது. உனுக்குச் சரின்னா நாளைக்கே வரச் சொல்லு.”

ஸ்கூட்டர் கிளம்பிப் போனது.

குமரகுரு கேபிளை மெல்லத் தள்ளினான். தடுத்தது. வெளியே எடுத்து மறுபடி நுனியை உதட்டில் வைத்தான். ஒற்றைக் கம்பி பிரிந்திருந்தது. அதை முறுக்கிச் சேர்த்து மீண்டும் விட்டான். மூன்றாவது முறை, மறுபக்கம் நுனி எட்டிப் பார்த்தது. இழுத்தான். புதுத்தலை உள்ளே போய்ப் பொருந்தி உட்கார்ந்தது.

விரல் செய்ய வேண்டிய வேலையை உதடு செய்துகொண்டிருந்தது.

லில்லி ஹேண்டில்பாரைப் பார்த்தாள். சுற்றியிருந்த வெள்ளை டேப்பில் சிவப்பு. ஒரு சொட்டு இல்லை, ஒரு கோடு.

பழைய கேபிளின் பிசிறு ஒன்று, அரை விரல் நீளம், அவன் கட்டை விரலில் குத்தி மறுபுறம் வந்திருந்தது. அவன் அந்த விரலாலேயே கேபிளை அழுத்திப் பிடித்து, பின் சக்கரத்துப் பக்கம் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தான்.

“தம்பி. கட்டை வெரலு.”

பார்த்தான். அவன் முகத்தில் வலி வரவில்லை. அகப்பட்டவனின் முகம் வந்தது.

“இது காலையிலயே பட்டதுக்கா.”

சொல்லும்போதே ரத்தம் தரையில் சொட்டியது.

“எத்தினி மாசமா மரத்துப் போயிருக்குது?”

“ஏழு. குளிர்ல வெரலு வெள்ளையா ஆயிடும். இப்ப தொட்டா ஒண்ணும் தெரியல. வேலைய வுட்டா சரியாயிடும்னு சொன்னாங்க.”

“ஆவாது.”

அவன் பிசிறை உருவிப் போட்டான். லில்லி துணியை நீட்டினாள். வாங்கிச் சுற்றிக்கொண்டான்.

“வேலையில குறை இருந்தா சொல்லுங்கக்கா. கியர் போட்டுப் பாருங்க.”

அவள் பெடலைக் கையால் சுற்றி லீவரைத் தட்டினாள். பதினொரு கியர். ஒவ்வொன்றும் சொன்ன இடத்தில் விழுந்தது. இறங்கும்போதும் அப்படியே. கடையில் இதுவரை வேலைக்கு வந்து போன மூன்று பேரில் ஒருவன்கூட இப்படிச் செய்ததில்லை.

“குறை இல்ல.”

“அப்புறம் என்னக்கா? வேலை கெடச்சிடுச்சுன்னு வூட்ல சொல்லிட்டேன். எங்கம்மா தெரு பூரா சொல்லிக்கினு இருக்குது.”

இவனை வைத்துக்கொள்ளலாம். ஒரு மாதம், இரண்டு மாதம் ஓடும். ஒருநாள் இதேபோல் ரத்தம் சொட்டும், வரதராஜன் பார்ப்பார். ஒரு கையைப் பார்த்தவர் அந்தக் கையோடு நிறுத்த மாட்டார்.

“வேகம் பத்தல,” என்றாள் லில்லி. “அண்ணன்கிட்ட அதைத்தான் சொல்லுவேன். நீயும் வெளிய அதையே சொல்லு. இன்னொரு கடைக்குப் போனா கையுறை போட்டுக்க.”

“நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவரு கேப்பாருக்கா.”

“கேப்பாரு.”

அவன் துணி சுற்றிய கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டான். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு படி இறங்கினான். வெளியே ஏனாத்தூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி போனது.

சாப்பாட்டு நேரம். லில்லி கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். சாவியைப் பூட்டில் விட்டுத் திருப்பினாள். திரும்பியதா என்று விரலுக்குத் தெரியவில்லை. தினமும் செய்வதைப் போலவே குனிந்து, பூட்டின் பக்கம் காதை வைத்தாள்.

டக்கென்று கேட்டது. பூட்டியாயிற்று.