ஆறாவது சென்சார்

“உங்க பிள்ளை ஒருத்தன் அடம்பிடிக்கிறான்னு அணு உலையையே நிறுத்தணுமா, டாக்டரம்மா?”

கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மியங்ரான் சிரிக்கவில்லை. உலைக்குள் சூட்டை அளக்க ஆறு சென்சார்கள். ஐந்து ஒரே அளவைக் காட்டின. போன இலையுதிர்காலத்தில் புதிதாகச் செருகிய ஆறாவது மட்டும் நாற்பது டிகிரி கூடுதலாகக் காட்டியது.

கேலியாகக் கேட்ட ஷிப்ட் தலைவர் பியோ, புசான் நகரிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு குளிர்காலம்தான் ஆகியிருந்தது. மியங்ரானோ, இந்த உலை எரியத் தொடங்கிய நாளிலிருந்தே வந்துபோகிறவள். சென்சார் செய்கிற ஆராய்ச்சிக்காரி என்று மட்டும் அவருக்குத் தெரியும்.

“அஞ்சு ஒண்ணு சொல்லுது, ஒண்ணு வேற சொல்லுது. எதை சார் நம்புவாங்க?” என்று பக்கத்திலிருந்த ஆபரேட்டர் பியோவுக்கு ஒத்து ஊதினார்.

“அஞ்சும் ஒரே கம்பி, ஒரே கை வேலை. இத்தனை வருஷம் கதிர்வீச்சுல வெந்தா கம்பியோட குணமே மாறிடும். கெட்டா அஞ்சும் சேர்ந்துதான் கெடும். சூட்டைக் குறைச்சுத்தான் காட்டும்.”

“அடுத்தவன் செஞ்சதைக் குறை சொல்றது சுலபம்மா. உங்க விளம்பரத்தை வேற எங்கயாவது வச்சுக்குங்க. இந்த உலையில தயாராகிற கதிரியக்க மருந்துக்குப் புற்றுநோய்க்காரங்க காத்துக்கிட்டிருக்காங்க.”

அவள் முகம் வெளுத்தது. “தெரியும் சார். பழி என் மேலயே வரட்டும். நிறுத்துங்க.”

முணுமுணுத்துக்கொண்டே பியோ உலையை நிறுத்தச் சொன்னார். அந்த வாரம் மருத்துவமனைகளிலிருந்து வந்த வசவையெல்லாம் அவளே வாங்கிக்கொண்டாள்.

உலை ஆறியபின், சூட்டைச் சரிபார்க்க உள்ளே வைத்திருந்த சோதனைக் குழாயை எடுத்தார்கள். தடித்த கண்ணாடிக்கு அப்பால், இயந்திரக் கை அதை மெல்லத் திறந்தது. ஆறாவது சென்சார் காட்டிய சூட்டில் மட்டுமே உருகும் உலோகத் துண்டு, குழாயின் அடியில் உருகி ஒட்டியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் எரிந்திருந்தால் குழாயே வெடித்திருக்கும்.

பியோ இரு கையாலும் பார்லி டீயை நீட்டித் தலை குனிந்தார்.

“மன்னிச்சுக்குங்க, டாக்டரம்மா.”

மியங்ரான் டீயைத் தொடவில்லை. பதற்றத்தோடு போனில் எண்களை அழுத்திக்கொண்டிருந்தாள்.

“யாருக்கு?”

“மத்த உலைகளுக்கு. அங்கயும் உடனே நிறுத்தச் சொல்லணும்.”

“அதான் உங்க சென்சார் ஜெயிச்சிடுச்சே! இன்னும் ஏன் கலங்குறீங்க?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அந்த அஞ்சும்தான் சார் நான் செஞ்சது.”