ஞாபகக் காளான்

"ஞாபக மறதிக்குக் காளான் மருந்து இருக்காமே, எதும்மா நல்லது? எனக்குப் புதுசு. எஸ்டேட்டுல ரப்பர் கட்டையில முளைச்சத ஓசியில பிடுங்கித் தின்ன ஆளு நானு. டப்பாவுல வாங்குறது இதான் முதல் தடவ."

குனோங் ராபாட் ஊர் மருந்துக்கடையில் அர்ச்சுனன் சொன்னதைக் கேட்டு, கடையில் வேலை பார்க்கும் தினேஸ்வரி சிரித்துவிட்டாள். அவர் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். பக்கத்தில் மனைவி குமுதா.

"யாருக்கு அங்கிள்?"

"எனக்குத்தான். இந்த மண்டை காலிப் பால்டின்னு மாதிரி ஆயிருச்சு."

"நல்லா சொல்லுங்க," என்றாள் குமுதா. "போன வாரம் பசார்ல சாமான் வாங்கிட்டு, காடி எங்க நிக்குதுன்னு தெரியாம நான் வெயில்ல சுத்துனேன். இவருதான் நிறுத்துன இடத்த மறந்துட்டாராம். வீட்டுச் சாவி அரிசி டின்னுக்குள்ள கிடக்கு. கேட்டா, நான்தான் போட்டேன்னு பல்ல இளிக்கிறாரு!"

"சோத்தோட வேகாம தப்பிச்சதே பெருசு லா," என்றார் அர்ச்சுனன்.

தினேஸ்வரி மூன்று டப்பாக்களை எடுத்து வைத்தாள். "இது தூக்கத்துக்குன்னு வாங்குவாங்க. இது அசதிக்கு. ஞாபகத்துக்குக் கேக்குறவங்க இந்தச் சிங்கப் பிடரிக் காளானத்தான் எடுப்பாங்க."

"சிங்கமா? வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கே!"

குமுதா அவர் முதுகில் ஓர் அடி வைத்தாள்.

"மூணையும் சேர்த்து எடுத்தா சீக்கிரம் கேக்குமா?"

"வேணாம் அங்கிள். முதல்ல ஒண்ணுதான். அப்பத்தான் எது ஒத்துக்குது, எது ஒத்துக்கலன்னு தெரியும். லேபலப் பாருங்க. இது காளானையே காயவச்சு எடுத்தது. மலிவா இருக்குதே, அது தானியத்துல வளர்த்து, அந்தத் தானியத்தையும் சேர்த்து அரைச்சது."

"மாவு வாங்கவா இவ்வளவு தூரம் வந்தேன்? காளானையே குடும்மா."

"வேற மருந்து ஏதும் சாப்பிடுறீங்களா?"

"சர்க்கரைக்கு மாத்திரை. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

"எனக்குத்தானேங்க சர்க்கரை!" என்றாள் குமுதா.

அர்ச்சுனன் நெற்றியில் தட்டிக்கொண்டார். "பாத்தியாம்மா? பொண்டாட்டி வியாதியக்கூட எனக்குன்னு சொல்றேன். இவளும் கூடச் சாப்பிடலாமா?"

"எனக்கு எதுக்கு?"

"நான் சாப்பிட மறந்துருவேனே. நீயும் சாப்பிட்டா, உன்னப் பாத்து நானும் சாப்பிடுவேன்."

"இவரோட மாரடிக்கவே என் ஆயுசு போயிரும்," என்று சிரித்துக்கொண்டே குமுதா தைலம் பார்க்க அடுத்த அலமாரிக்குப் போனாள்.

தினேஸ்வரி குரலைத் தாழ்த்தினாள். "அங்கிள், சர்க்கரை மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டரக் கேக்காம இத எடுக்கக் கூடாது. அதோட, இது ஞாபகத்தைத் திருப்பிக் கொண்டு வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். காடி நிறுத்துன இடமே மறக்குதுன்னா, முதல்ல ஆஸ்பத்திரியில காட்டுங்க."

அர்ச்சுனன் டப்பாவைக் கீழே வைத்தார். "நாளைக்குக் காலையில போறோம்மா. பெரியாஸ்பத்திரியில நாள் குடுத்திருக்காங்க."

"ஆன்ட்டியும் வராங்களா?"

"வரா. எனக்குத் துணையா வரச் சொல்லி, கெஞ்சிச் சம்மதிக்க வச்சிருக்கேன்."

"நல்லதாப் போச்சு. பயப்படாதீங்க அங்கிள். உங்களப் பாத்தா அவ்வளவு மோசமாத் தெரியல."

அவர் அலமாரிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். குமுதா தைலத்தை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணுமே மறக்கலம்மா," என்றார் மெதுவாக. "டாக்டர் பாக்கப் போறது அவளைத்தான்."