முழுப் பரீட்சை முடியட்டும்

பள்ளிக்கூட நூலகத்தின் கண்ணாடி பீரோவுக்குள் ஒரு நாவல் இருந்தது. வீட்டில் பேசி முடித்த கல்யாணத்தைப் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி வேண்டாமென்று சொல்லி நிறுத்துகிற கதை அது.

ஒரு நாள் பத்தாம் வகுப்புப் பூங்கொடி வந்தாள். அழுது அழுது கண்கள் வீங்கியிருந்தன. அட்டையில் இருந்த பெண்ணின் படத்தைக் கண்ணாடி வழியாகக் காட்டி, "இதைத் தர்றீங்களா டீச்சர்?" என்றாள்.

"உன் வயசுக்கு ஏத்த புக்குதான். ஆனா இப்பக் கதை படிச்சா மார்க் போயிடும். முழுப் பரீட்சை முடியட்டும், நானே எடுத்துத் தர்றேன்" என்ற டீச்சர், கணக்குக் கைடு ஒன்றைக் கொடுத்தனுப்பினார்.

நாவல் பதறிப்போய் பீரோவின் பூட்டிடம் கெஞ்சியது. "அண்ணே, கொஞ்சம் திறந்து விடுங்க. வீட்ல என்ன சொல்லணும்னு அவளுக்குச் சொல்லணும்."

"பிள்ளைங்க கையில கிடைச்சா உன்னைக் கிழிச்சுப் போட்டுடுவாங்க. பேசாம இரு" என்றது பூட்டு.

பரீட்சை முடிந்தது. டீச்சர் சொன்னதை மறக்கவில்லை. ரிசல்ட் வந்த அன்று நாவலை எடுத்து, தூசி தட்டி, மேசைமேல் தயாராக வைத்திருந்தார். மற்ற பெண்களெல்லாம் வந்தார்கள்.

"நல்ல மார்க் வாங்கியிருக்காளே, பூங்கொடி எங்கே?"

"அவளுக்குப் போன வாரம் கல்யாணம் ஆயிடுச்சு டீச்சர்."

டீச்சர் நாவலைப் பழைய இடத்தில் வைத்துப் பூட்டினார்.

"பார்த்தியா," என்றது பூட்டு பெருமையாக, "ஒரு பக்கம்கூட மடங்காம உன்னைக் காப்பாத்திட்டேன்."