ஈர ஏணி

கிளியனூர்க் கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்கி வேர்க்கடலை ஆயும் அன்புச்செல்வி, மண் ஒட்டிய விரலால் போனைத் திறக்கிறாள். திரையில் கணவன் சித்தார்த்தன். குஜராத் கடலில், பாறைமேல் தனியாக நிற்கும் நூறு வருஷத்துக் கலங்கரை விளக்கத்துக்குப் பெயின்ட் அடிக்கப் போனவன். அதன் வாசல் மூன்று ஆள் உயரத்தில் இருக்கிறது. ஏறுவதற்கு ஓர் இரும்பு ஏணி மட்டும்தான். “வீட்டுக்கு அடிக்கிற மாதிரியே மேல இருந்து அடிச்சிக்கினே எறங்கிட்டேன். கடைசியா ஏணிக்கும் அடிச்சிட்டேன், பாரு.” சிவப்புப் பெயின்ட் வெயிலில் பளபளக்கிறது. ஏணியடியில் நிற்கும் அவன் கணுக்காலில் கிடந்த கடல் தண்ணீர், பேசி முடிப்பதற்குள் முழங்காலுக்கு வந்துவிடுகிறது. “ஜல்தி ஏறுங்க!” “ஏறிப் பாத்தேன், வழுக்குது. படகு வந்துடும்.” அவனைச் சுற்றி எங்கும் படகு இல்லை. அவன் முதுகுக்குப் பின்னால், கல் சுவரில் சிப்பிகள் அப்பியிருக்கின்றன. கிணற்றில் தண்ணீர் எதுவரை ஏறி நின்றதென்று சுவர்க்கறையைப் பார்த்தே சொல்லிப் பழகியவள் அவள். சிப்பி எங்கே முடிகிறது என்று தேடுகிறாள். அவன் தலைக்கு மேலும் சிப்பிதான். “போனை இன்னும் தூக்குங்க.” ஏன் என்று புரியாமல் சிரித்துக்கொண்டே அவன் கையை முழுதாக உயர்த்துகிறான். அங்கேயும் சிப்பி, ஈரம் காயாமல்.