ஏழாங்கல்

சங்க அறையில் நான்கு பேர் இருந்தார்கள்: மீனவர் சங்கத் தலைவர் மாசிலாமணி, கோயில் பூசாரி சன்னாசி, படகோட்டி இருளாண்டி, பொற்கொடி. பொற்கொடியின் கணவன் சற்றுமுன் ஏரிக்குள்ளிருந்து போனில் கத்தியிருந்தான். "ஏழாங்கல்லுக்கு நேரா இருக்கேன், படகுல தண்ணி ஏறுது." அதோடு போன் அணைந்துவிட்டது.

ஏரிக்கரையில் இருபது கற்கள். கிழக்கிலிருந்து எண்ணினால் ஒன்று ஏழாவது, மேற்கிலிருந்து எண்ணினால் வேறொன்று. இடையில் மூன்று மைல். இருப்பது ஒரே இஞ்சின் படகு, அதில் ஒரு பக்கம் போய்வர மட்டுமே டீசல்.

"அம்மன் கிழக்கே இருந்து நடந்து வந்தா. அவ வச்ச ஒவ்வொரு அடிக்கும் ஒரு கல்லு முளைச்சுது. அங்க இருந்துதான் எண்ணணும்," என்றார் பூசாரி.

"உங்க தாத்தா விட்ட புளுகு. அவ வந்தது மேற்கே, மதகு வழியா," என்றார் தலைவர்.

"மதகு வழியா வர அவ என்ன கெண்டை மீனாய்யா?"

பொற்கொடி கும்பிட்டாள். "அவர் வெளியூர்க்காரருய்யா. உங்க ரெண்டு பேர் கதையையும் கேட்டிருக்கார். எதை நம்பினார்னு எனக்குத் தெரியல. ஏதாவது ஒரு பக்கம் போங்கய்யா."

"முடிவாகாம படகை எடுத்தா தப்பான கணக்கு நிலைச்சிடும்மா," என்றார் தலைவர்.

"அது நியாயம்," என்றார் பூசாரி. அன்று முதல்முறையாக இருவரும் ஒத்துப்போனார்கள்.

பொற்கொடி ஆணியில் தொங்கிய படகுச் சாவியையும் பூட்டையும் எடுத்துக்கொண்டு, இருளாண்டியைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"எந்தப் பக்கம்க்கா?" என்றான் அவன்.

அவள் படகுச் சாவியை அவன் கையில் திணித்தாள். உள்ளே இருவரும் எழுந்து வருவதற்குள் கதவைச் சாத்திப் பூட்டினாள்.